கைப்பை ஏலம்: ஒரு மன்னார்குடிக்காரியின் கணக்கு வழக்கு

ஏலம் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. மாதாமாதம் ஏலச்சீட்டு. பருத்தி எடுக்கும் காலத்தில் திருவாரூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம். வியாபாரி துண்டுச்சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார், பக்கத்தில் நிற்பவர் என்ன எழுதினார் என்று அவருக்குத் தெரியாது. அப்புறம் அம்மன் கோயில்களில் சாத்திய புடவை ஏலம். எங்கள் கடையில் எண்ணூறு ரூபாய்க்கு அடுக்கி வைத்திருக்கும் அதே ரகம் அங்கே நாலாயிரத்துக்குப் போகும். எடுத்தவர் முகத்தில் துளி வருத்தம் இருக்காது. அம்மன் மேல் இருந்த புடவை அது. துணிக்கா காசு கொடுத்தார்?

பழைய வெளிநாட்டுக் கைப்பைகளை ஏலத்தில் எடுக்க ஆரம்பித்தபோது எனக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான். அவசரக்காரர் தள்ளிக் கொடுத்துச் சீட்டை எடுப்பார், பொறுமைசாலி கடைசி மாதம் முழுசாக எடுப்பார் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கைப்பை ஏலமும் அவசரக்காரர்களின் காசில்தான் நடக்கிறது.

நாங்கள் ஜவுளிக்கடைக் குடும்பம். என் நாத்தனார் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஒரு விடுமுறைக்கு வந்தபோது கையில் கறுப்பாக ஒரு பழைய கெல்லிப் பை, ஹெர்மெஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் செய்தது. பெயரெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. என் கண் போனது தையல் மேல். ஒவ்வொரு தையலும் லேசாகச் சாய்ந்து, ஒரே நீளத்தில், திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் அதே சுத்தத்தில் இருந்தது. குதிரைச் சேணம் தைக்கும் முறை அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஹெர்மெஸ் 1837இல் பாரிஸில் சேணம் செய்யும் பட்டறையாகத்தான் தொடங்கியது. மெழுகு ஏற்றிய ஒரே லினன் நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒரே துளைக்குள் இரு பக்கத்திலிருந்தும் போய் வரும். மெஷின் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் உருவிக்கொண்டே வரும். இதில் வராது. ஜரிகையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தே பிழைக்கிற வீட்டில் இப்படி ஒன்றைக் காட்டினால் சும்மா இருக்க முடியுமா?

ஹெர்மெஸின் இன்னொரு பெயர்போன பை பிர்கின். புதிதாக அது கிடைக்கக் கடைக்காரரிடம் நல்ல பெயர் வாங்கிக் காத்திருப்பதில் எனக்கு ஆர்வமில்லை. நான் எடுப்பவை பெரும்பாலும் 1970களிலிருந்து 90கள் வரை வந்தவை: கெல்லி, ஷனெலின் ஃப்ளாப் என்னும் மூடி மடியும் பை, குச்சி (Gucci) நிறுவனத்தின் மூங்கில் பிடி வைத்த பை, லூயி விட்டான் கான்வாஸ். இவற்றில் பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து வருகின்றன. 80களின் செல்வச் செழிப்பில் அங்கே அள்ளி வாங்கினார்கள், வாங்கியதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். ஜப்பான் வியாபாரிகள் மேலிருந்து கீழாக எஸ், ஏ, ஏபி, பி, சி என்று தரம் போடுவார்கள். அவர்கள் ஏபி என்று எழுதியதை நான் மற்ற நாட்டு வியாபாரியின் 'எக்ஸலன்ட்'டை விட அதிகம் நம்புவேன்.

சரி, கணக்குக்கு வருவோம். சுத்தியல் தட்டும்போது கேட்கும் தொகை, அதாவது ஹேமர் விலை, நாம் கொடுக்கும் விலை இல்லை. அதன்மேல் ஏல நிறுவனம் பையர்ஸ் பிரீமியம், அதாவது வாங்குபவர் கட்டணம் போடும். கிறிஸ்டீஸ், சோத்பீஸ் போன்ற பெரிய இடங்களில் நம்மைப் போன்றவர்கள் எடுக்கும் விலையில் அது கால் பங்குக்கும் கூடுதல். பிறகு அனுப்பும் செலவு, இன்ஷூரன்ஸ். இந்தியாவுக்குள் வந்ததும் சுங்கவரி, அதன்மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. அனுப்பும் செலவையும் சேர்த்த மதிப்பில்தான் வரி போடுவார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஹேமர் விலை ஒரு லட்சம் என்றால் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது ஒன்றே முக்கால் லட்சம் என்று நோட்டில் எழுதிக்கொண்டுதான் நான் உட்காருவேன். வரி விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், ஆகவே ஏலத்துக்கு முன்னால் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் வங்கி டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியைப் பிடிக்கும். அது வருமானவரிக் கணக்கில் திரும்பி வரும், ஆனால் அதுவரை நம் பணம் அங்கே முடங்கிக் கிடக்கும். உள்நாட்டிலேயே 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கைப்பையை வாங்கினாலும் 2025 ஏப்ரலிலிருந்து விற்பவர் ஒரு சதவீதம் டிசிஎஸ் பிடிக்க வேண்டும்.

ஏல நேரம் நமக்கு வசதிதான். ஹாங்காங் என்றால் காலைச் சமையல் முடிகிற நேரம். பாரிஸ் என்றால் விளக்கு வைக்கும் நேரம். நான் நேரலையில் உட்காருவதைக் குறைத்துவிட்டேன். முதல் நாளே உச்சவரம்பை எழுதிக் கொடுத்துவிடலாம், அப்சென்டீ பிட் என்பார்கள்; அதைத் தாண்டாமல் நம் சார்பில் அவர்களே கேட்பார்கள். இணையத்தில் மட்டும் நடக்கும் ஏலங்களில் கடைசி நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் நேரம் தானாக நீளும். ஆகவே கடைசி நொடியில் புகுந்து தட்டிப் பறிக்கும் வேலை அங்கே நடக்காது. நீள நீள ஆசாமிக்கு வீம்பு ஏறும். நாத்தனார் போனில் இருந்தால், "அண்ணி, இதுக்கு மேல போகாதீங்க, அடுத்த மாசம் இதே மாதிரி வரும்" என்பாள். உண்மையிலேயே வரும். 32 சென்டிமீட்டர் கறுப்புக் கெல்லி ஒன்றும் அபூர்வம் இல்லை. 25, 28 அளவுகளுக்குத்தான் இப்போது அடிபிடி. பெரியவற்றுக்கு யாரும் அவ்வளவு மோதுவதில்லை. எனக்குப் பெரியதே போதும், புடவையோடு நன்றாகத்தான் இருக்கிறது.

இனி நான் அதிகம் மெனக்கெடும் விஷயம்: பையின் உடம்பு. பெயருக்குக் காசு கொடுக்காதே, நிலைமைக்குக் கொடு என்பதுதான் என் கொள்கை.

படத்தில் முதலில் பார்ப்பது நான்கு மூலைகள். பட்டுப்புடவையில் மடிப்புக் கோடு எங்கே நைந்திருக்கிறது என்று பார்க்கிறோமே, அந்த மாதிரி. மூலையில் தோலின் நிறம் தேய்ந்து உள்நிறம் தெரிந்தால் விலையில் குறைத்துக்கொள்வேன். மூலை மட்டும் புதுசாகப் பளபளத்தால் வேண்டவே வேண்டாம். யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள். வெளியாள் சாயம் பூசிய, பாகம் மாற்றிய பையை ஹெர்மெஸ் பழுதுபார்க்க எடுக்காது. இந்தப் பை அசல்தானா என்று அவர்கள் கடையில் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், அந்தச் சேவையே கிடையாது.

அடுத்தது பிடி. கெல்லியின் பிடி உலோக வளையத்தைச் சந்திக்கும் அடிப்பகுதியில்தான் முதலில் வெடிக்கும். அந்த இடத்தை இரண்டு பக்கமும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லி எழுதுவேன். கேட்டால் அனுப்புவார்கள். அனுப்பத் தயங்கினால் அதுவே பதில்.

ஒரு ஏலத்தளம், பெயர் வேண்டாம், பையின் நிலையைச் சொல்லும் கண்டிஷன் ரிப்போர்ட்டில் 'பிடியில் லேசான தேய்மானம்' என்று எழுதியிருந்தது. வந்து பிரித்தால் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. படங்களில் பிடி மடக்கிக் கிடந்ததால் அந்த இடம் மறைந்திருந்தது. புகார் எழுதினேன். இருக்கிற நிலையில் விற்பனை என்று விதிமுறையில் போட்டிருக்கிறதே என்று பதில். விதி அவர்கள் பக்கம்தான். பெரிய நிறுவனங்கள்கூடப் பை அசல் என்பதற்கு 5 வருடம் உத்தரவாதம் தருமே தவிர, நிலைமைக்குத் தராது. அன்றிலிருந்து நான் கேட்கும் படங்களின் பட்டியல் நீண்டுவிட்டது: பிடியின் அடி, பட்டையின் பின்பக்கம், பூட்டுத் தகடு, அடியில் உள்ள நான்கு குமிழ், உள்பையை வெளியே இழுத்து வைத்து ஒன்று.

அந்தக் கடைசிப் படம் முக்கியம். 80, 90களின் சில லூயி விட்டான், குச்சி பைகளில் உள்பையின் செயற்கைப் பூச்சு காலப்போக்கில் பிசுபிசுத்துப் போகும், உரியும். ஈரக்காற்று பட்டால் இன்னும் வேகமாக. வெளியே கான்வாஸ் கல்லுமாதிரி இருக்கும். உள்ளே கைவிட்டால் விரல் ஒட்டும். காவிரிக்கரையில் அப்படி ஒரு பை ஒரு மழைக்காலம் தாங்காது.

வருடக் குறிக்கு வருவோம். ஹெர்மெஸ் பைகளில் ஓர் ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். 1971 முதல் 1996 வரை வட்டத்துக்குள் ஏ முதல் இசட் வரை. 1997இலிருந்து சதுரத்துக்குள் மறுபடி ஏ. என்னிடம் இருக்கும் கெல்லியில் முன்பட்டையின் பின்பக்கம் வட்டத்துக்குள் ஆர், 1988. பூட்டில் உள்ள எண்ணும் சாவியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணை வைத்துப் பையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, அது பூட்டுக்கான எண் அவ்வளவுதான். சிலர் அதையே பையின் அடையாள எண் என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். அப்படி எழுதும் விற்பனையாளருக்குத் தொழில் தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஷனெல் ஃப்ளாப்பில் பூட்டைப் பாருங்கள். இரண்டு சி எழுத்துகள் பின்னியிருக்கும் இடத்தில், மேலே வலப்பக்கத்து சி ஏறியிருக்கும், கீழே இடப்பக்கத்து சி. உள்ளே எண் போட்ட ஸ்டிக்கர்: 2005 வாக்கில் ஏழு இலக்கம் எட்டானது, 2021இல் ஸ்டிக்கரே போய் மைக்ரோசிப் வந்தது. 90களின் பை என்று சொல்லி எட்டு இலக்கம் இருந்தால் கதை முடிந்தது. ஆட்டுக்குட்டித் தோல் தொட்டால் வெண்ணெய். ஆனால் நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் கேவியர் என்று சொல்லும் மணல்மணலான கன்றுத்தோல்தான் லாயக்கு.

மூக்கும் வேண்டும். திருச்சி செம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் இடங்கள் உண்டு, சிங்கப்பூர் விமானத்துக்குப் போகும் வழிதான். ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட தோலுக்கு ஓர் இனிப்பு கலந்த வாடை. குரோமில் பதனிட்டதற்கு வேறு. லூயி விட்டானின் வெளிர்நிறப் பிடித்தோல் தாவரப் பதனீடுதான். வெயிலும் கையும் பட்டுத் தேன்நிறமாகும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வட்டமாகக் கறை நிற்கும். போலிப் பை பிரித்ததுமே பசை நாறும். ஏலத்தில் மூக்கை அனுப்ப முடியாது, அதனால் 'துர்நாற்றம் உண்டா, பாச்சை உருண்டை வாடை உண்டா' என்று எழுத்தில் கேட்டு வாங்குகிறேன்.

நிலைமைக்குத்தான் காசு என்றேன். இதற்குப் பெரிய விதிவிலக்கு ஒன்று உண்டு. 2025 ஜூலை 10 அன்று பாரிஸில் சோத்பீஸ் ஏலத்தில் நடிகையும் பாடகியுமான ஜேன் பிர்கினுக்காக 80களில் செய்த முதல் பிர்கின் பை, கட்டணங்கள் சேர்த்து 86 லட்சம் யூரோவுக்குப் போனது. நம் பணத்தில் 86 கோடி ரூபாயை ஒட்டி. எடுத்தவர் ஜப்பான்காரர். பை எப்படி இருந்தது தெரியுமா? தேய்ந்து, கீறி, ஜேன் பிர்கின் ஒட்டிய ஸ்டிக்கர்களின் தடம் தெரிய, உள்ளே நகவெட்டி தொங்கியபடி. என் தராசில் வைத்தால் சி தரம். அதற்கு முந்தைய ஏலச் சாதனை, 2021இல் ஹாங்காங்கில் போன ஒரு கெல்லி ஹிமாலயா, சுமார் 5 லட்சம் டாலர்தான். செய்தி வந்த அன்று மாமியாரிடம் சொன்னேன். "அது அம்மன் புடவைம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனால் ஒரு எச்சரிக்கை. 'பிரபலம் ஒருவர் வைத்திருந்தது' என்று வாய்வார்த்தையாகச் சொல்வதற்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். புகைப்படம், ரசீது, முந்தைய ஏலப் பதிவு இருந்தால் மட்டுமே அது விலை.

அந்த ஹிமாலயா என்பது நைல் முதலைத் தோல். சாம்பலிலிருந்து வெண்மைக்கு மாறும் நிறத்துக்காக அந்தப் பெயர். முதலை, பல்லி, மலைப்பாம்புத் தோல்களை நான் தொடுவதில்லை. ஆசை இல்லாமல் இல்லை. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப்படி ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதி வேண்டும், இங்கே வனவிலங்குச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். ஒரு தாள் குறைந்தால் பை போனதுதான். 2020இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பெண் 26,000 டாலருக்கு வாங்கிய முதலைத்தோல் பையை, 70 டாலர் அனுமதி ஒன்றை எடுக்காததால் எல்லைப்படை பறித்து அழித்தது. சிங்கப்பூர் நாத்தனார் மூலம் கையில் எடுத்துவரச் சொல்லலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

வாங்குவதை விட வைத்திருப்பதுதான் டெல்டாவில் பெரும்பாடு. தோலுக்கு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் என் அறையிலுள்ள மீட்டர் எண்பதைத் தாண்டி நிற்கும். ஹரித்ராநதித் தெப்பக்குளம் ததும்பும், பாமணி ஆற்றில் தண்ணீர் போகும், சுவர் வியர்க்கும். பீரோவைத் திறந்தால் ஒரு வாடை வருமே, அதுதான் பூஞ்சையின் முதல் தகவல். அதனால் பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறேன். அந்த அறையில் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் சின்னதாக ஒன்று; ராத்திரி போட்டால் காலையில் தொட்டியில் தண்ணீர் தளும்பும். பைக்குள் பழைய மல் வேட்டியைத் துவைத்துச் சுருட்டித் திணிப்பேன். நாளிதழ் வேண்டாம், மை ஒட்டும். பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது. ஷனெல் சங்கிலியைத் துணியில் சுற்றி வைக்காவிட்டால் தோலில் பள்ளம் விழும். பாச்சை உருண்டை போட்டால் அந்த வாடை ஆயுசுக்கும் போகாது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் நீலக் குருணையில் கோபால்ட் உப்பு இருக்கும். சமையல் சட்டியில் வறுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்று வேலைக்கு வரும் அக்கா இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். தோல் கறுத்து, நாளாவட்டத்தில் எண்ணெய் சிக்கெடுக்கும்.

மின்சாரத்தை நம்பியே இருக்கக் கூடாது என்பதை கஜா புயல் காட்டியது. 2018 நவம்பர் 16 விடிகாலை அடித்த காற்றில் எங்கள் பக்கம் கம்பங்கள் எல்லாம் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. டீஹியூமிடிஃபையர் வெறும் டப்பா. அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து பீரோ அடித்தட்டில் வைத்தேன். வெயில் எட்டிப் பார்த்த நாள்களில் பைகளை வாய் திறந்து நிழலில், காற்றோட்டத்தில் பரப்பினேன். நேர்வெயிலில் வைத்தால் தோல் வெளிறும், வெடிக்கும். ஒரு பையின் உள்ளே வெள்ளைப் பூ லேசாகத் தெரிந்தது. வெளியே கொண்டுபோய், மென்மையான தூரிகையால், மூக்கில் துணி கட்டிக்கொண்டு தட்டினேன். வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூள் அடுத்த பைக்குப் போய்விடும். தோப்பில் தென்னையெல்லாம் வேரோடு கிடக்கும்போது மருமகள் பைக்கு விசிறுகிறாள் என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நியாயமான பேச்சுதான்.

மழைநாளில் பாக்ஸ் காஃப் தோல் பையை வெளியே எடுக்க மாட்டேன். பழைய கெல்லிகளில் வரும் வழவழப்பான தோல் அது. தண்ணீர் பட்ட இடம் கொப்புளம்போல எழும்பும். கல்யாணத்துக்கு மழை வந்தால் டோகோ தோல் பையோ கான்வாஸோதான். டோகோ சொரசொரப்பாக இருக்கும், கீறல் சட்டென்று தெரியாது.

நாத்தனார் வீட்டுக்குப் போகும்போது பையைக் கொண்டுபோனால், புறப்படும் முன் விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இது இங்கிருந்து போன பைதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். ரசீதின் நகலும் சுங்கவரி கட்டிய தாளும் ஒவ்வொரு பையோடும் ஒரு கவரில் இருக்கட்டும். விற்கும் நாளில் அந்தக் கவருக்கும் விலை உண்டு.

விற்பதைப் பற்றிக் கேட்பார்கள், முதலீடா என்று. என் பதில்: இல்லை. நகையைக் கொண்டுபோய் மன்னார்குடிக் கடைத்தெருவில் வைத்தால் மாலைக்குள் காசு. கெல்லியை வைத்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். வெளிநாட்டு ஏலத்துக்கே திருப்பி அனுப்பினால் விற்பவர் கமிஷன், அனுப்பும் செலவு, அடுத்த ஏலம் வரை காத்திருப்பு எல்லாம் உண்டு. உள்நாட்டில் மும்பை, டெல்லியில் பழைய சொகுசுப் பை வியாபாரிகள் இருக்கிறார்கள். ரொக்கமாக எடுத்தால் ரொம்பக் குறைத்துத்தான் கேட்பார்கள், விற்றுக்கொடுக்கச் சொன்னால் கொஞ்சம் கூடும். கடன் வாங்கியோ சீட்டு எடுத்தோ இதில் இறங்க வேண்டாம்.

இப்போதைக்கு ஒரு குச்சி மூங்கில் பிடிப் பையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 1947இல் அவர்கள் கொண்டுவந்த வடிவம். மூங்கிலை நெருப்பில் வாட்டி வளைத்துச் செய்த பிடி. போன வாரம் டோக்கியோ பட்டியலில் ஒன்று வந்தது. பிடியில் கணு இருக்கும் இடத்தில் மயிரிழைக் கோடு ஒன்று தெரிகிற மாதிரி இருக்கிறது, வெடிப்பா நிழலா என்று புரியவில்லை. வேறு வெளிச்சத்தில் ஒரு படம் கேட்டு எழுதியிருக்கிறேன்.